சோறா, மாஸா, மேய்ச்சலா: பெரிய இனக் கோழிக்குக் கொழுப்பு ஏறாமல் தீன் போடுவது

வளவில் நாலைந்து ரோட் ஐலண்ட் ரெட் அல்லது ஓர்பிங்டன் பேடுகளை ஆசைப்பட்டு வாங்கி விட்டவர்கள் ஓரிரு வருடத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். கோழி பார்க்கக் கொழுகொழுவென்று நிற்கிறது, தூக்கினால் கை நோகிறது. முட்டை மட்டும் கிழமைக்கு ஒன்றோ இரண்டோதான், சில கிழமைகளில் அதுவும் இல்லை. தீனைக் குறைப்பதா, மாற்றுவதா, அவிழ்த்து மேய விடுவதா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கு நடைமுறையில் நாலு வழிகள் இருக்கின்றன. குசினியில் மிஞ்சும் சோறும் தேங்காய்ப்பூவும் போட்டு வளர்ப்பது ஒன்று. மில்லில் தவிடும் குறுணலும் வாங்கி, பிண்ணாக்குச் சேர்த்து வீட்டிலேயே கலப்பது இன்னொன்று. கடை லேயர் மாஸை, அதாவது முட்டைக் கோழிக்கென்று விற்கும் தூள் தீனை, தொட்டியில் எந்நேரமும் நிரப்பி வைப்பது மூன்றாவது. அதே மாஸை அளந்து இரண்டு வேளை போட்டு, இலைகுழையும் மேய்ச்சலும் சேர்ப்பது நாலாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டைக்காகப் பெரிய இனப் பேடு வளர்ப்பவர்கள் நாலாவது வழிக்கு வருவதுதான் நல்லது. ஏனென்றால் கொழுத்த கோழி பெரும்பாலும் சத்துக் குறைந்த கோழி. மாச்சத்து அதற்குத் தேவைக்கு மேலே போகிறது. புரதமும் கல்சியமும் தேவைக்குக் கீழே நிற்கின்றன. இதைக் கவனிக்காமல் தீனை மட்டும் பாதியாக வெட்டினால் கொழுப்பு குறைவதற்கு முன்னமே முட்டையும் இறகும் போய்விடும்.

இந்த இனங்களின் உடம்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம். ஓர்பிங்டன் 1886 இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் உருவானது. ரோட் ஐலண்ட் ரெட்டும் பிளிமத் ரொக்கும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உருவானவை. குளிர்நாட்டுப் பண்ணைகளில் முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒன்றாக உதவ வேண்டும் என்று தெரிந்தெடுத்து வளர்த்த பறவைகள் இவை. அமெரிக்க இனத் தரவரையறைப்படி ரோட் ஐலண்ட் ரெட் பேடு ஏறத்தாழ 2.9 கிலோ, பிளிமத் ரொக் 3.4, ஓர்பிங்டன் 3.6, பிரம்மா 4.3 கிலோ. எங்கள் ஊர்க்கோழிப் பேடு பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். நாள் முழுக்கக் கிளறித் திரியும், பொழுதுபட்டால் முருங்கையிலோ மாவிலோ ஏறிப் படுக்கும். பெரிய இனப் பேடு அப்படிப் பறக்காது, அவ்வளவு அலையாது, தொட்டியடியிலேயே நிற்கும்.

முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினப் பேடு வருடத்தில் 300 முட்டைக்குக் கிட்ட இடும். ஓர்பிங்டன் 150, 200 இட்டாலே நல்லது. ஆக, கலப்பினத்தில் முட்டையாக வெளியே போகிற சத்தில் ஒரு பங்கு இங்கே வயிற்றுக்குள் தங்கிவிடுகிறது. அதனால்தான் பண்ணை லேயருக்குப் பொருந்துகிற 'எந்நேரமும் தீன்' என்ற முறை இவற்றுக்குச் சரிவருவதில்லை.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் தவறிப் போகிறார்கள். சோற்றில் எண்ணெய் இல்லையே, அதில் எப்படிக் கொழுப்பு வரும் என்று கேட்கிறார்கள். பறவைகளின் உடம்பில் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில் உருவாகிறது. சோறு, குறுணல், சோளம் என்று போகிற மாச்சத்தில் மிஞ்சுவதை ஈரல் கொழுப்பாக மாற்றும். முட்டையிடும் காலத்தில் மஞ்சட்கருவுக்குக் கொழுப்பு வேண்டியிருப்பதால், பெண் ஹோர்மோன் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். உருவான கொழுப்பை ஈரலிலிருந்து வெளியே அனுப்ப மெத்தியோனின், கோலின் போன்ற சத்துகள் வேண்டும். வெறும் அரிசித் தீனில் அவை போதாது. அப்போது கொழுப்பு ஈரலிலேயே தேங்குகிறது. ஈரல் மஞ்சளாகி, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்து, ஒரு நாள் வெடித்து உள்ளே இரத்தம் கசிகிறது. சித்திரை வைகாசி வெயிலில், முதல் நாள் நல்லாக நின்ற பேடு விடிய வெளிறிய கொண்டைப்பூவோடு செத்துக் கிடக்கும். பாம்பு கடித்தது என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். அறுத்துப் பார்த்தால் வயிற்றில் இரத்தக் கட்டியும் மஞ்சள் ஈரலும் இருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் கோழி உண்மையிலேயே கொழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறகு நிறைந்த ஓர்பிங்டனைக் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. விடியத் தீன் போட முன், இரைப்பை காலியாக இருக்கும்போது, ஒரு துணிப் பையில் விட்டுத் தொங்கு தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பிறகு நெஞ்சைத் தடவுங்கள். நடுநெஞ்செலும்பு விரலுக்கு இலேசாகத் தட்டுப்பட வேண்டும். கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தால் மெலிவு. இரண்டு பக்கமும் மேடாகி எலும்பே தெரியாமல் பள்ளம் விழுந்திருந்தால் பாரம் கூடிவிட்டது. அடுத்ததாகப் பின்பக்கம், குதத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு இடுப்பெலும்பு நுனிகள். முட்டையிடும் நல்ல பேட்டில் அவை மெல்லியதாக, கொஞ்சம் வளையக்கூடியதாக, இடையில் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். கொழுத்த பேட்டில் நுனிகள் தடித்துக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். வயிறு கையில் திண்ணென்று மெத்தையாகப் படும். இறகை விலக்கினால் தோலுக்குக் கீழே மஞ்சளாகத் தெரியும்.

வயிறு தண்ணீர் நிரம்பிய பைபோல் தளும்பினாலோ, கோழி நிமிர்ந்து நின்று நடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேறு சங்கதி. வயிற்றில் நீர் கோர்த்திருக்கலாம், முட்டை உள்ளே உடைந்து அழற்சி வந்திருக்கலாம். தீனை மாற்றி அதைச் சரிப்படுத்த முடியாது. மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சோற்றுக்கு ஆதரவாகச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: காசில்லை. மத்தியானச் சோறு மிஞ்சினால் கொட்ட மனம் வராது, கோழிக்குப் போடுவது பரம்பரைப் பழக்கம். ஊர்க்கோழிக்கு அது பெரிய கெடுதியும் இல்லை. ஒரு பிடி சோற்றைத் தின்றுவிட்டு மிச்சத் தீனை வேலியோரத்தில் தானே தேடிக்கொள்ளும். பெரிய இனப் பேட்டுக்குக் கணக்கு வேறு. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கிலோகலோரி இருக்கிறது, புரதம் மூன்று கிராமுக்கும் குறைவு. அந்தப் பேட்டின் ஒரு நாள் தேவை சுமார் 300 முதல் 350 கிலோகலோரி, புரதம் 20 கிராம் அளவு. இரண்டு பிடி சோற்றிலேயே சக்தித் தேவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். புரதத் தேவையில் ஏழிலொன்றுகூட வராது. கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். சோறு தின்று நிரம்பிய கோழி மாஸைக் கிளறிச் சிந்திவிட்டுப் போகும்.

பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும் வெறும் சக்கை என்று நினைக்கக் கூடாது. கையால் பிழிந்தபின் அதில் எண்ணெய் நிறையவே மிஞ்சியிருக்கும். யாழ்ப்பாணத்துச் சமையலில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காயாவது உடைகிறது. அதன் பூ முழுக்க நாலு கோழிக்குப் போகிறதென்றால் கொழுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே சோற்று வழியை நான் முற்றாக ஒதுக்குகிறேன். பழக்கத்தை விட முடியாத வீடுகளில், கோழிகளைக் கூட்டுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும் பின்னேரம் ஒரு கோழிக்கு ஒரு தேக்கரண்டி அளவு வைத்துக்கொள்ளலாம். அம்மம்மாமார் கோழிக்கு இரக்கப்பட்டுப் போடுவதை நிறுத்துவதுதான் இதில் பெரிய வேலை. சோற்றுக்குப் பதிலாகக் கீரைத்தண்டு, வெள்ளரி, பப்பாசித் தோல் என்று அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் அன்பும் குறையாது, கோழியும் கெடாது.

வீட்டுக் கலவையை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். 2022 இல் டொலர் நெருக்கடியில் கடைத்தீன் கிடைக்காமலும் விலை ஏறியும் தவித்தபோது பலரைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் பாரத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு கலக்கிறவர்கள் தவிட்டைப் பற்றித் தப்பான எண்ணத்தோடு தொடங்குகிறார்கள். தவிடு கூட்டினால் தீனின் சத்துக் குறையும், கோழி மெலியும் என்று நம்புகிறார்கள். எண்ணெய் எடுக்காத நல்ல தவிட்டில் 12 முதல் 15 வீதம், சிலவேளை அதற்கு மேலும், எண்ணெய் இருக்கிறது. அதன் சக்தி அளவு லேயர் மாஸுக்குக் கிட்டத்தட்டச் சமம். உமி கலந்த மட்டத் தவிடுதான் சக்தி குறைந்தது, அதில் புரதமும் குறைவு. நல்ல தவிடு மாரிக்காலத்து ஈரத்தில் சில கிழமைக்குள் காறி மணக்கத் தொடங்கும். காறிய தவிடு தீனிலுள்ள விற்றமின்களையும் கெடுத்துவிடும். மில்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும்.

பிண்ணாக்குகளில் எங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நல்லெண்ணெய் ஆட்டுகிற ஊர் என்பதால் எள்ளுப் பிண்ணாக்கு கிடைக்கும். அதில் மெத்தியோனின் தாராளம், ஈரற்கொழுப்புக்கு வேண்டியதே அதுதான். லைசின் என்ற புரதக்கூறு மட்டும் குறைவு. அதை ஈடுகட்ட மீன்தூள் சேர்க்க வேண்டும். உப்புப் போடாமல் காயவைத்த சிறுமீனாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கருவாட்டுக் கழிவை இடித்துப் போட்டால் உப்பு ஏறிக் கழிச்சலும் அதிலிருந்து சாவும் வரலாம். கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் தீவுப்பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் 20 வீதமளவு, எண்ணெயும் மிஞ்சியிருக்கும், பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு நேரே ஈரலைத்தான் தாக்கும். கொழுத்த ஈரலுள்ள கோழிக்கு அது இரட்டை அடி.

அப்புறம் விற்றமின், தாதுக் கலவை. கடையில் தனியாக வாங்கிச் சேர்க்காவிட்டால் வீட்டுக் கலவை முழுத் தீன் ஆகாது. கிளிஞ்சலும் வேண்டும். இவ்வளவையும் நிறுத்து, காயவைத்து, கலந்து, கெடாமல் வைக்க 30, 40 கோழி இருந்தால் அர்த்தம் உண்டு. ஐந்து கோழிக்கு இந்தப் பாடு மிச்சப்படுத்தும் காசுக்கு ஈடாகாது. அது என் கருத்து.

கடை மாஸை எந்நேரமும் நிரப்பி வைப்பது சோற்றைவிட எவ்வளவோ மேல். லேயர் மாஸில் புரதம் 16 முதல் 18 வீதம், கல்சியம் 3.5 முதல் 4 வீதம், சக்தி கிலோவுக்கு 2,700, 2,800 கிலோகலோரி அளவில் இருக்கும். விகிதம் சரியாக இருப்பதால் கோழி கொஞ்சம் கூடத் தின்றாலும் சோற்றுக் கோழியைப்போல் ஈரல் சீக்கிரம் கெடாது. வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருகிறவர்களுக்கு வசதியும் கூட. அடுப்பங்கரைச் சாமான் ஒன்றும் கலக்காமல், ரோட் ஐலண்ட் ரெட்போல் கொஞ்சம் சுறுசுறுப்பான இனத்தை வளர்ப்பவர் இந்த வழியில் பிழைத்துக்கொள்ளலாம். ஓர்பிங்டன், கொச்சின், பிரம்மா வைத்திருப்பவர் நிரம்பிய தொட்டியை நம்பக் கூடாது. இவை பொழுது போகாமலும் தின்னும். தொட்டியில் எலியும் காகமும் சேர்வது வேறு.

ஒரு எச்சரிக்கை. லேயர் மாஸ் முடிந்துவிட்டதென்று கடைக்காரர் இறைச்சிக் கோழிக்கான புறொய்லர் பினிஷரைத் தந்தால் வாங்காதீர்கள். அது கிலோவுக்கு 3,100 கிலோகலோரிக்கு மேல் இருக்கும், பாரம் ஏற்றுவதற்கென்றே செய்தது. கல்சியமோ ஒரு வீதம்தான் வரும். முட்டைப் பேட்டுக்கு இதைவிடப் பொருந்தாத கடைத்தீன் இல்லை.

இனி அளந்து போடும் வழி. முட்டையிடும் மூன்று கிலோப் பேட்டுக்கு நாளுக்கு 120 முதல் 140 கிராம் லேயர் மாஸ், அதைவிடப் பெரியவற்றுக்கு 150 வரை என்று தொடங்கலாம். ஒரு மீன் ரின்னில் எவ்வளவு மாஸ் பிடிக்கிறது என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உள்ளே கோடு போட்டுவிட்டால் பிறகு தராசு தேவையில்லை. விடியற்காலையில் மூன்றிலொரு பங்கு, வெயில் தணிந்த பின்னேரத்தில் மிச்சம். பின்னேரப் பங்கைக் கூட்டுவதற்குக் காரணம் இரண்டு. முட்டை ஓடு இரவில்தான் உருவாகிறது, அந்த நேரத்தில் குடலில் கல்சியம் இருக்க வேண்டும். இரண்டாவது வெயில். தின்றபின் சில மணி நேரத்துக்குச் செரிமானத்தால் உடம்புச் சூடு ஏறும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். தோலுக்கடியில் கொழுப்புப் படிந்த பெரிய உடம்புக்கு அது இன்னும் கஷ்டம். காலை பத்து மணிக்கு வயிறு நிறையப் போட்டால் நண்பகல் வெயிலும் செரிமானச் சூடும் ஒன்றாக வந்து சேரும். பங்குனியிலிருந்து ஆவணி வரை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் தண்ணீரும் நிழலும் இலையும் மட்டும் போதும்.

இந்த வழியிலும் ஒரு குறை உண்டு. அளந்த தீன் என்றால் சண்டை வரும். அடாவடியான பேடு மற்றவற்றைக் கொத்தி விலக்கிவிட்டு இரண்டு பங்கைத் தின்னும், மெலிந்தது இன்னும் மெலியும். இதற்கு ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு மூன்று தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், எல்லாக் கோழிக்கும் ஒரே நேரத்தில் தலை வைக்க இடம் இருக்க வேண்டும். சராசரிக் கணக்கை நம்பாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுக்கச் சொல்வது இதனால்தான்.

இடையில் பசிக்கு இலை. முருங்கைக் குழையைக் கட்டித் தலைக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிடுங்கள். எட்டிக் கொத்தும், அது உடற்பயிற்சியும் ஆகும். முருங்கையிலையைக் காயவைத்துப் பார்த்தால் அதில் கால்வாசிக்குக் கிட்டப் புரதம். பச்சையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், அதனால் வயிறு நிறையும், கொழுப்பு ஏறாது. பொன்னாங்காணி, கோவா இலை எல்லாம் சரி. ஆட்டுக்குப் போடுகிறோமே என்று சீமைக்கிளுவையையும் இப்பிலிப்பிலையும் கோழிக்குப் போட வேண்டாம். ஆடு அவற்றைச் சமாளிக்கும், கோழிக்கு அவை நஞ்சு. மட்டி, சிப்பி ஓட்டை உடைத்துத் தனிச் சிரட்டையில் வைத்தால் வேண்டிய பேடு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். சேவல் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல உபாயம். முட்டையிடாத பறவைக்கு லேயர் மாஸின் கல்சியம் மிதமிஞ்சியது, நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலந்து வளர்க்கும் வளவில், வளரும் கோழிக்கான குறோவர் தீனோடு சிப்பியைத் தனியே வைப்பதுதான் பொருத்தம்.

மேய்ச்சலை மட்டும் நம்பி மாஸை நிறுத்துவதைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. மாரியில் வளவு முழுக்கப் புல்லும் பூச்சியும் இருக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும். ஆடியில் செம்பாட்டு மண் காய்ந்து புழுதி பறக்கும்போது அங்கே கோழிக்கு என்ன இருக்கிறது? மேய்ச்சலை நடைக்காகவும் பூச்சிக்காகவும் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பனையோலை வேலியின் அடியில் கறையான் இருக்கும், அதைக் கிளறித் தின்னவிட்டால் மதிப்பான புரதம் காசில்லாமல் கிடைக்கும். பின்னேரம் இரண்டு மணி நேரம் ஆள் காவல் நின்று மேயவிட்டால் போதும். பெரிய இனம் ஓடித் தப்பாது, கீரிக்கும் தெருநாய்க்கும் சுலபமான இரை. பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்குள் புகுந்தால் வரும் மனத்தாங்கல் கோழியின் கொழுப்பைவிடப் பெரிய பிரச்சினை. கூட்டில் ஏறும் கொம்பை முழங்காலளவு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். பாரமான கோழி உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வைக்கும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீன் போடும் முறையையும் சிலர் சொல்கிறார்கள். புறொய்லர் தாய்க்கோழிப் பண்ணைகளில் அது நடப்பது உண்மை. அந்த இனத்தின் பசிக்கு அளவில்லை, கட்டுப்படுத்தாவிட்டால் முட்டையிடும் வயதுக்கு முன்னமே கால் ஒடிந்தோ இதயம் நின்றோ சாகும். பண்ணையில் அதைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே, கிழமைக்குக் கிழமை நிறுத்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஏற்கெனவே கொழுத்த பேட்டைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்குத்தான் வந்து குவியும். இறகு கொட்டி முட்டை நின்றுபோகும். வீட்டில் இதைச் செய்யவே கூடாது. கோழி பசியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் நல்லதல்ல.

புறொய்லர் குஞ்சை இரக்கப்பட்டோ, பிள்ளைகள் கேட்டதற்காகவோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐந்து, ஆறு கிழமையில் இரண்டு கிலோ தாண்டுவதற்காக உருவாக்கிய பறவை அது. அதை நீண்ட நாள் வாழவைக்க வேண்டுமென்றால் பினிஷரை நிறுத்தி, அளந்த குறோவர் தீனும் நிறைய இலையும் கொடுத்து, தீன் தொட்டியையும் தண்ணீரையும் வளவின் இரு முனைகளில் வைத்து நடக்கவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் அதன் ஆயுள் மற்றவற்றைப்போல் நீளாது. பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எந்த வழிக்கு மாறினாலும் மாற்றத்தைப் பத்து நாளுக்காவது பரப்புங்கள். முதலில் சோறும் தேங்காய்ப்பூவும் நிற்கட்டும். அதற்கே பல கோழிகளில் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால்தான் மாஸின் அளவில் பத்திலொரு பங்கைக் குறைக்க வேண்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். இறகு உதிர்க்கும் காலத்திலும் அடை கிடக்கும்போதும் குறைக்க வேண்டாம். அந்த நாட்களில் பேடு தானாகவே இளைக்கும். பூ சிவந்து, இடுப்பெலும்பு விரிந்து, முட்டை திரும்ப வரத் தொடங்கியதும் குறைத்த பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு முட்டை ஓட்டிலேயே இரண்டு கிராமுக்கு மேல் கல்சியம் போகிறது, இடுகிற கோழிக்கு முழு அளவு வேண்டும்.